பழைய உயர்தர ஒலிக்கருவியை வாங்குமுன் கேட்டுச் சோதிக்கும் முறை

ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திய விலையுயர்ந்த ஆம்ப்ளிஃபையரையோ ஸ்பீக்கரையோ இசைத்தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிளையோ கடைக்காரரிடமிருந்து வாங்கப் போகிறவர் இரண்டு கேள்விகளுக்குத் தனித்தனியாக விடை தேட வேண்டும். கருவி பழுதின்றி இருக்கிறதா என்பது முதல் கேள்வி. அதன் ஒலி நம் காதுக்கும் நம் வீட்டு அறைக்கும் பொருந்துகிறதா என்பது இரண்டாவது. புதியவர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஒரே அமர்வில், ஒரே பாட்டில் கேட்டு முடித்துவிடுகிறார்கள். பாட்டு மனத்தைக் கவ்விய பிறகு பழுதைத் தேடும் பொறுமை யாருக்கும் இருப்பதில்லை. ஆகவே முதலில் பழுது, பிறகு ஒலி என்ற வரிசையிலேயே இங்கே எழுதியிருக்கிறேன். கடையிலும் அந்த வரிசையை மாற்றாமல் இருப்பது நல்லது.

கடைக்குப் போகுமுன்

தொலைபேசியிலேயே சில செய்திகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கருவி எந்த நாட்டிலிருந்து வந்தது, எத்தனை வோல்ட்டில் இயங்கும், கடைசியாக எப்போது சர்வீஸ் ஆனது, எந்தெந்தப் பாகங்கள் மாற்றப்பட்டன, அதற்கு ரசீதோ படமோ உண்டா, வீட்டுக்கு எடுத்துச் சென்று கேட்க விடுவாரா ஆகியவற்றைக் கட்டாயம் கேட்க வேண்டும். "ஃபுல் சர்வீஸ் பண்ணியாச்சு சார்" என்ற பதில் மட்டும் போதாது. தூசியை ஊதிவிட்டு வால்யூம் கன்ட்ரோலில் கிளீனர் அடிப்பதும் சர்வீஸ்தான். பவர் சப்ளையில் மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் கெபாசிட்டர்களை எல்லாம் மாற்றி, பயாஸ் (பாட்டில்லாதபோதும் ஓடும் அடிப்படை மின்னோட்டம்) சரிசெய்து, ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பார்ப்பதும் சர்வீஸ்தான். 1971-இல் வெளிவந்த மாரன்ட்ஸ் 2270 போன்ற ஒரு கருவிக்கு ஐம்பது வயது கடந்துவிட்டது. அதன் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் இன்னும் மாற்றப்படவில்லை என்றால், அது இன்றைக்கு எவ்வளவு நன்றாகப் பாடினாலும், மாற்றும் செலவு நம்முடையது என்று கணக்கு வைத்துத்தான் விலை பேச வேண்டும்.

இன்னொன்றையும் அப்போதே சொல்லிவிடுங்கள்: நான் வரும்வரை கருவியை ஓடவிட வேண்டாம், அது ஆறிய நிலையில் இருக்கட்டும். தாமதமாக இணையும் ரிலே (ஸ்பீக்கரை இணைக்கும் தானியங்கி ஸ்விட்ச்), சூடாகும்வரை கரகரக்கும் ஒரு சேனல் (இடது அல்லது வலது பக்கம்), ஸ்விட்ச் போட்டதும் ஸ்பீக்கரில் விழும் பலத்த அடி ஆகியவை ஆறிய கருவியில்தான் தெரியும். கடைக்குப் போனதும் மேல்மூடியைத் தொட்டுப் பாருங்கள். அது வெதுவெதுப்பாக இருந்தால் ஆறும்வரை காத்திருக்கலாம், அல்லது இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லலாம்.

கையோடு கொண்டுபோக வேண்டியவை அதிகமில்லை. சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், சிறிய டார்ச், ஊசியைப் பார்க்க ஒரு பூதக்கண்ணாடி, பல ஆண்டுகளாகக் கேட்டு மனத்தில் பதிந்த மூன்று நான்கு இசைத்தட்டுகளோ சிடிக்களோ, சோதனை ஒலிகளை ஏற்றிய கைப்பேசி, அதை இணைக்க ஒரு கேபிள் ஆகியவை போதும். கடைக்காரர் போடும் பாட்டுகள் எந்தக் கருவியிலும் நன்றாகக் கேட்கும்படி தேர்ந்தெடுக்கப்பட்டவையாக இருக்கலாம். நமக்குத் தெரிந்த பாட்டில்தான் எங்கே என்ன குறைகிறது என்பது நமக்குத் தெரியும்.

மின்சாரம் கொடுப்பதற்கு முன்

முதலில் பின்பக்கத் தகட்டைப் படியுங்கள். நம் ஊருக்கு வரும் பழைய கருவிகளில் கணிசமானவை ஜப்பானிய உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்டவை. அவை 100 வோல்ட்டில் இயங்குபவை. அமெரிக்காவுக்காகச் செய்தவை 120 வோல்ட். இவற்றை நம் 230 வோல்ட் பிளக்கில் நேராகச் செருகினால் அந்த நொடியிலேயே கருவி போய்விடும். உள்ளே வோல்ட்டேஜ் மாற்றும் வசதி இருக்கிறதா, அல்லது ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வைத்துத்தான் ஓட்ட வேண்டுமா என்று கேளுங்கள். டிரான்ஸ்பார்மர் தேவையென்றால், கருவி எடுத்துக்கொள்ளும் வாட் அளவைப் போல ஏறக்குறைய இருமடங்கு திறனுள்ளதாக இருப்பது நல்லது. சிறிய டிரான்ஸ்பார்மரோடு பெரிய ஆம்ப்ளிஃபையரைக் கேட்டுவிட்டு, பேஸ் வலுவில்லை என்று ஆம்ப்ளிஃபையர் மேல் பழி போடக் கூடாது.

பிறகு திருகுகளைப் பாருங்கள். தலைப்பகுதி சிதைந்த திருகு, அந்தக் கருவியை யாரோ சரியான ஸ்குரூடிரைவர் இல்லாமல் திறந்திருக்கிறார்கள் என்பதைக் காட்டும். கடற்கரை ஊரில் இருந்த கருவியில் திருகுகளும் ஸ்பீக்கர் டெர்மினல்களும் (வயர் மாட்டும் முனைகள்) துருவோ பச்சையோ ஏறியிருக்கும்; வெளியே அப்படி என்றால் உள்ளேயுள்ள ஸ்விட்ச் தொடுமுனைகளும் அப்படித்தான் இருக்கும். காற்றோட்டத் துளைகளின் அருகே முகர்ந்தால் கருகிய வாடை தெரியலாம். கடைக்காரர் இசைந்தால் மூடியைக் கழற்றிப் பார்ப்பது மிக நல்லது. இரண்டு சேனல்களிலும் ஒரே இடத்தில் ஒரே மாதிரியான பாகம் இருக்க வேண்டும். ஒரு பக்கத்தில் மட்டும் புதிய அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் பளபளத்தால், அந்தச் சேனல் ஒரு முறை எரிந்திருக்கிறது. பழைய ஜப்பானிய டிரான்சிஸ்டர்களுக்குப் போலிகள் நிறையப் புழங்குவதால், மாற்றியவை எங்கே வாங்கப்பட்டன என்று கேட்பதில் தவறில்லை.

ஸ்விட்ச் போட்டதும்

நல்ல ஸ்பீக்கரை முதலில் இணைக்கக் கூடாது. ஸ்பீக்கர் எதையும் இணைக்காமல், வால்யூமை முழுக்கக் குறைத்து, ஆம்ப்ளிஃபையரின் ஸ்பீக்கர் டெர்மினல்களில் டிசி (நேர்மின்னோட்ட) வோல்ட்டேஜை மல்டிமீட்டரால் அளந்து எழுதிவையுங்கள். டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரில் அது 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. 100-ஐத் தாண்டினால் உள்ளே ஏதோ சரியில்லை. வோல்ட் கணக்கில் வந்தால் அதில் எந்த ஸ்பீக்கரையும் மாட்டாதீர்கள், பேஸ் ஒலி தரும் பெரிய கூம்பான வூஃபர் எரியும். டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழல்கள் கொண்ட வால்வு ஆம்ப்ளிஃபையருக்கு இந்த முறை பொருந்தாது. அவுட்புட் டிரான்ஸ்பார்மர் இருப்பதால் அங்கே டிசி வருவதில்லை; மாறாக, ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வு ஆம்ப்ளிஃபையரில் பாட்டு ஓட்டினால் அந்த டிரான்ஸ்பார்மரே கெட்டுப்போகலாம். வால்வுகளை விளக்கு மங்கிய அறையில் பாருங்கள். கண்ணாடியின் உட்புறத்தில் மெல்லிய நீல ஒளி படர்வது இயல்பு. உள்ளேயிருக்கும் உலோகத் தகடு செந்தணலாகச் சிவந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

அடுத்து விலை குறைந்த ஒரு ஜோடி ஸ்பீக்கரை இணைத்து எல்லாக் குமிழ்களையும் ஸ்விட்ச்களையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள். திருப்பும்போது வரும் கரகரப்பு பெரும்பாலும் அழுக்கு. சுத்தம் செய்தால் போகும். ஒரு சேனல் நின்று நின்று வருவது ரிலேயாலோ ஸ்விட்சாலோ இருக்கலாம். வால்யூமை மிகக் குறைவாக வைத்து, ஒலி நடுவில் நிற்கிறதா, ஒரு பக்கம் சாய்கிறதா என்று கவனியுங்கள். வீட்டில் இரவில் மெதுவாகக் கேட்பவருக்கு அந்தச் சாய்வு நாள்தோறும் உறுத்தும்.

ஒரு மணி நேரம்

சோதனையின் உயிர் இந்தப் பகுதியில் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் இருபது நிமிடம் கேட்டுவிட்டு ஓர் ஆம்ப்ளிஃபையரை வாங்கி வந்தேன். கடையில் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் அது சித்திரை மாத மாலை. நாற்பது நிமிடங்கள் கழிந்ததும் இடது பக்கத்தில் எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிப்பது போன்ற சத்தம் தொடங்கியது. சிறிது நேரத்தில் அந்தப் பக்கம் முழுவதும் அடங்கிவிட்டது. ஆறவைத்துப் போட்டால் மறுபடி பாடும், மறுபடி நாற்பது நிமிடத்தில் நிற்கும். கடைக்காரரோ தன் கடையில் ஒரு குறையும் இல்லை என்று சொன்னார்; அவர் கடையின் குளிரில் அது உண்மைதான். சூட்டில் விரிந்து தொடர்பு விடும் ஒரு பற்றவைப்புப் புள்ளியைக் கண்டுபிடிக்க ஒரு மெக்கானிக்குக் கொடுத்த பணமும், நான் இழந்த இரண்டு மாதங்களும், கடையில் குளிர்சாதனத்தை நிறுத்தச் சொல்லி இன்னும் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் மிஞ்சியிருக்கும்.

ஆகவே, குறைந்தது ஒரு மணி நேரம், நீங்கள் வீட்டில் வழக்கமாகக் கேட்கும் அளவை விடச் சற்றே கூடுதலான ஒலியில் ஓட்டுங்கள். ஏசியை நிறுத்த முடியுமா என்று தயங்காமல் கேளுங்கள். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட் சிங்கின் இரு பக்கங்களையும் கையால் தொட்டு ஒப்பிடுங்கள். ஒன்று ஆறியும் மற்றது கொதித்தும் இருந்தால் பயாஸ் சமமாக இல்லை. முடிந்ததும் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு டிசியை மறுபடி அளந்து, முதலில் எழுதிவைத்த எண்ணோடு ஒப்பிடுங்கள். ஒரு மணி நேரம் தர மறுக்கும் கடைக்காரரிடம் விலையுயர்ந்த கருவி வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

ஸ்பீக்கர் வாங்குபவருக்கு

ஸ்பீக்கரின் முன்வலையைக் கழற்றிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். கூம்பின் விளிம்பைச் சுற்றியுள்ள வளையம் ரப்பரா, ஃபோமா என்று கேளுங்கள். ரப்பர் நெடுங்காலம் இருக்கும். ஃபோம் பத்து முதல் இருபது ஆண்டுகளில் பொடிந்துவிடும். விரல் நுனியால் மிக மெதுவாகத் தொட்டாலே தூளாக ஒட்டும். ஃபோம் மாற்றியிருந்தால் அதுவே குறையாகாது, ஆனால் நடுவில் நிற்கும்படி ஒட்டியிருக்க வேண்டும். கூம்பின் நடுவைச் சுற்றி விரல்களைச் சமமாக வைத்துச் சிறிதளவு உள்ளே அழுத்தி விடுங்கள். உரசும் சத்தமோ சொரசொரப்போ தெரிந்தால் உள்ளேயிருந்து கூம்பை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில் கோணியிருக்கிறது.

பிறகு மோனோ பதிவு ஒன்றைப் போட்டு ஒவ்வொரு யூனிட்டின் அருகிலும் காதை வைத்துக் கேளுங்கள். உச்ச ஒலிகளைத் தரும் சிறிய யூனிட்டான ட்வீட்டர் ஒன்று செத்துப்போயிருப்பதைப் புதியவர்கள் கவனிக்காமல் விடுவது மிகச் சாதாரணம், ஏனென்றால் மற்ற யூனிட்கள் பாடிக்கொண்டே இருக்கும். நான்கு டெர்மினல் கொண்ட ஸ்பீக்கரில் இணைப்புத் தகடு விட்டுப்போனாலும் அப்படியே கேட்கும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் பாடினால் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே உட்காருங்கள். பாடகர் குரல் நடுவில் ஒரு புள்ளியாக நிற்க வேண்டும். ஒரு பக்கம் விலகினால் இடம் வலம் கேபிள்களை மாற்றிக் கேளுங்கள். விலகலும் மாறினால் குறை ஆம்ப்ளிஃபையர் பக்கம், மாறாவிட்டால் ஸ்பீக்கரிலோ அறையிலோ. குரல் எங்கும் நிற்காமல் பரந்து போனால், ஒரு பக்கத்தில் பிளஸ் மைனஸ் மாறியிருக்கக்கூடும்.

கைப்பேசியிலிருந்து 200 ஹெர்ட்ஸில் தொடங்கி 40 வரை மெதுவாக இறங்கும் ஒலியை, சிறிய வால்யூமில் ஓட்டுங்கள். வழியில் எங்காவது உறுமலோ அதிர்வோ தோன்றினால் தளர்ந்த திருகு, விட்டுப்போன பசை, கிழிந்த வளையம் ஆகியவற்றில் ஒன்று இருக்கும். பாட்டில் சோதிக்க, மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் போதுமானது. அந்த அடி வீங்காமல், கையெடுத்ததும் அடங்க வேண்டும்.

சில ஸ்பீக்கர்களுக்கு அவற்றுக்கே உரிய தேவைகள் உண்டு. பிபிசி தன் ஒலிபரப்பு வண்டிகளின் சிறிய அறைகளுக்காக 1970-களில் வடிவமைத்த எல்எஸ்3/5ஏ இன்றும் நல்ல விலைக்குப் போகிறது. அதன் செயல்திறன், அதாவது கொடுக்கும் மின்திறனுக்கு எழும் ஒலி, குறைவு, 83 டெசிபெல் அளவில்தான் என்பதால், வீட்டிலிருக்கும் சிறிய வால்வு ஆம்ப்ளிஃபையர் அதற்குப் போதாமல் போகலாம். இரண்டும் ஒரே ஜோடியாகச் செய்யப்பட்டவையா என்பதை வரிசை எண்களைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். கூம்புக்குப் பதில் மெல்லிய பேனல்கள் அதிர்ந்து ஒலிக்கும், 1957-இல் வந்த குவாட் எலக்ட்ரோஸ்டாட்டிக் வகைக்கு மின்இணைப்புத் தேவை; தூசியும் ஈரக்காற்றும் அதன் பேனல்களுக்குப் பகை. சென்னை, கொழும்பு போன்ற ஊர்களில் அதை வாங்க நினைப்பவர், மழைக்காலத்தில் ஒரு மாலை முழுவதும் கேட்ட பிறகே முடிவு செய்ய வேண்டும்.

டர்ன்டேபிளும் சுருதியும்

டர்ன்டேபிளின் வேகத்தைச் சோதிக்க நமக்கு வாய்த்த ஒரு நல்ல அளவுகோல் தம்புரா. ஆலாபனையின் தொடக்கத்தில் தம்புரா தனியே ஒலிக்கும் ஓர் இசைத்தட்டைப் போட்டுக் கண்களை மூடிக் கேளுங்கள். சுருதி ஒரே கோட்டில் நிற்க வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை அசைந்தால், தட்டின் துளை நடுவில் இல்லாமல் இருக்கலாம். இன்னொரு தட்டிலும் அதே அசைவு வந்தால் பெல்ட்டையோ பேரிங்கையோ ஐயப்பட வேண்டும். இங்கிலாந்தின் ஸ்விண்டன் நகரில் செய்யப்பட்ட காரார்ட் 301 போன்ற ரப்பர் சக்கர வகையில், நீண்ட நாள் ஓடாமல் நின்றதால் சக்கரம் ஓரிடத்தில் தட்டையாகியிருந்தால், மெல்லிய தட் தட் ஒலி விடாமல் கேட்கும்.

அடுத்தது வேகத்தின் அளவு. 1972-இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200-உம் அதன் வழிவந்தவையும் மோட்டாரே தட்டை நேராகச் சுழற்றும் டைரக்ட் டிரைவ் வகை. அவற்றின் வேகம் நம் மின்சாரத்தின் சுழற்சி எண்ணைச் சார்ந்ததல்ல. ஆனால் ஏசி (மாறுமின்னோட்ட) மோட்டாரும் பெல்ட்டும் கொண்ட பழைய டர்ன்டேபிள்கள் பல, மின்சாரத்தின் ஹெர்ட்ஸைப் பின்பற்றியே சுழல்பவை. அமெரிக்கா முழுவதும் 60 ஹெர்ட்ஸ். ஜப்பானில் கிழக்கே 50, மேற்கே 60. 60-க்கான புல்லியோடு (பெல்ட் ஓடும் மோட்டார் முனைச் சக்கரம்) வந்த ஒன்றை நம் 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால், நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்ற வேண்டியது 28-க்கும் குறைவாகவே சுற்றும். ஐந்தரைக் கட்டையில் பாடியவர் நாலு கட்டைக்கும் சற்றுக் கீழே இறங்கிப் பாடுவது போலிருக்கும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வோல்ட்டைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. 50 ஹெர்ட்ஸுக்கான புல்லி கிடைக்குமா என்பதை வாங்குமுன் உறுதிசெய்யுங்கள். வேகம் பார்க்க உதவும், 180 கோடுகள் கொண்ட ஸ்ட்ரோப் தாளை, நம் மின்சாரத்தில் எரியும் நியான் விளக்கின் கீழ் சுழலவிட்டால், வேகம் சரியாக இருக்கும்போது கோடுகள் அசையாமல் நிற்பது போல் தெரியும்.

ஊசியைச் சுமக்கும் கையான டோன் ஆர்மை எடைக்கல்லால் சமன்செய்து மிதக்கவிட்டு மெல்ல ஊதிப் பாருங்கள். அது எங்கும் தட்டாமல் நகர வேண்டும். முன்பகுதியை இரு விரலால் பிடித்து மிக இலேசாக அசைத்தால் ஆட்டம் தெரியக் கூடாது. ஊசியைத் தாங்கும் குச்சி நேராக இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஊசி எத்தனை மணி நேரம் ஓடியது என்று உறுதியாகச் சொல்ல வழியில்லாததால், ஊசி பொருந்தியிருக்கும் கார்ட்ரிட்ஜைப் புதிதாக வாங்கப்போவது போலவே எண்ணி, அதன் மதிப்பைத் தனியாகக் கழித்து விலை பேசுங்கள்.

சிடி பிளேயருக்கு இவ்வளவு தேவையில்லை. நீளமான சிடி ஒன்றின் கடைசிப் பாட்டையும், வீட்டில் பதிவுசெய்த சிடி ஒன்றையும் போட்டுப் பாருங்கள். தட்டின் வெளிவிளிம்பிலும் மங்கிய பதிவிலும் தடுமாறாமல் படித்தால் லேசர் இன்னும் வலுவாக இருக்கிறது. அந்த மாடலுக்கு மாற்று லேசர் இன்றும் கிடைக்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

ஒலியை ஒப்பிடும்போது

பழுதில்லை என்று தெரிந்த பிறகே இரண்டாம் கேள்விக்கு வர வேண்டும். இரண்டு ஆம்ப்ளிஃபையர்களை ஒப்பிடும்போது, சற்றே சத்தமாக ஒலிப்பதைத்தான் நம் காது நல்லது என்று எடுத்துக்கொள்ளும். ஒரு டெசிபெல் வேறுபாடு சத்தமாகத் தெரியாமல், தெளிவாகவும் உயிரோட்டமாகவும் தெரியும். ஆகவே அளவைச் சமப்படுத்தாமல் ஒப்பிடுவது வீண். 100 ஹெர்ட்ஸ் ஒலியை ஓட்டி, ஸ்பீக்கர் டெர்மினலில் ஏசி வோல்ட்டேஜை அளந்து, இரண்டு ஆம்ப்ளிஃபையரிலும் ஒரே எண் வரும்படி வால்யூமை வைத்து, அந்த இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றில் 2 வோல்ட்டும் மற்றதில் 2.24 வோல்ட்டும் இருந்தால் ஒரு டெசிபெல் இடைவெளி வந்துவிட்டது. சாதாரண மல்டிமீட்டர்கள் உயர்ந்த ஹெர்ட்ஸில் தவறாகக் காட்டும் என்பதாலேயே 100 ஹெர்ட்ஸைச் சொன்னேன்.

சிங்கப்பூரில் கோல்மன் தெருவிலுள்ள அடெல்ஃபி கட்டடத்தில் ஒலிக்கருவிக் கடைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. அங்கே இருப்பவர் பல கடைகளில் ஏறி இறங்கி ஒப்பிடலாம். நம் ஊரில் அந்த வாய்ப்புக் குறைவு. அதனால்தான் வீட்டுச் சோதனை நமக்கு இன்னும் இன்றியமையாததாகிறது.

வீட்டில் கேட்பது

கடையில் ஒரு மணி நேரத்தைக் கடந்த கருவியை மட்டுமே வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். வீட்டுச் சோதனைக்கு விடும் கடைக்காரர் பெரிய நம்பிக்கையை நம்மிடம் வைக்கிறார். முழு விலையையும் வைப்புத்தொகையாகக் கேட்டால் அது நியாயமே. ஆனால் நிபந்தனைகள் ஒரு தாளில் எழுதப்பட வேண்டும்: மாடல், வரிசை எண், கொடுத்த தொகை, எத்தனை நாள், பிடிக்காவிட்டால் முழுத்தொகையும் திரும்புமா அல்லது கழிவு உண்டா, அந்த நாட்களில் கருவி தானே பழுதானால் யார் பொறுப்பு, வண்டிக்கூலி யாருடையது. கருவியைப் பிரிப்பதற்கு முன் நான்கு பக்கமும் மேலும் கீழும் படம் எடுத்து, அன்றே கடைக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். பழைய கீறலுக்கு நாம் பதில் சொல்ல வேண்டி வராது. புதிய கீறலை நாமும் மறைக்க முடியாது.

வீட்டில் முதல் நாள் எதையும் முடிவு செய்ய வேண்டாம். இரவு ஊர் அடங்கியதும் பாட்டில்லாமல் வால்யூமை உங்கள் வழக்கமான அளவில் வைத்து, உட்காரும் இடத்திலிருந்து ஹம் என்னும் ரீங்காரம் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால் மின்விசிறியின் ரெகுலேட்டரை முழு வேகத்தில் வைத்தும், விசிறியை நிறுத்தியும் பாருங்கள்; எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் கிளப்பும் இரைச்சலைக் கருவியின் குறை என்று எண்ணித் திருப்பிக் கொடுத்துவிடக் கூடாது. இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் சோதனைத்தட்டுகளை விட்டுவிட்டு, நீங்கள் எப்போதும் கேட்பதைக் கேளுங்கள். கடைசி நாளில் புதிதாக வந்ததைக் கழற்றி, உங்கள் பழைய கருவியை மறுபடி இணைத்து ஒரு மாலை கேளுங்கள். புதியதில் கிடைத்தது என்ன என்பது, அதை இழந்த அந்த மாலையில்தான் தெளிவாகும். பழையதிலேயே நிம்மதியாகக் கேட்க முடிந்தால், நன்றி சொல்லி, துடைத்து, வந்தபடியே கட்டித் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

எடுத்துக்கொள்வதென்று முடிவானால், வரிசை எண் எழுதிய ரசீதையும், சொன்ன கேரண்டி எத்தனை மாதம், எந்தப் பாகங்களுக்கு என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். வீட்டிலிருந்து கடைக்கானாலும் கடையிலிருந்து வீட்டுக்கானாலும் கட்டும் முறை ஒன்றே. டர்ன்டேபிளின் தட்டையும் எடைக்கல்லையும் கழற்றித் தனியே சுற்ற வேண்டும். ஊசிக்கு மூடி போட்டு, ஆர்மை அதன் தாங்கியில் கட்ட வேண்டும். வால்வுகளை முற்றிலும் ஆறிய பிறகு உருவி, ஒவ்வொன்றிலும் அது இருந்த குழியின் எண்ணைச் சீட்டில் எழுதி ஒட்டி, தனித்தனியாகத் துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு போங்கள்.